குருவானவர் மாணவரானார்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் காலைப் பேருந்துகளில் மாணவர் கூட்டம் நிறைந்திருக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிலர் ஏறுவர். அவர்களுள் வயதில் சற்று மூத்த சிலரையும் காணலாம். அவர்கள் பட்டம் பெற்றவர்கள்; முதுநிலை வகுப்புக்கோ ஆய்வுக்கோ அண்ணாமலைநகர் செல்பவர்கள். உடன் படித்த நண்பர்கள் வேலைக்குச் சென்று சம்பளம் வாங்கத் தொடங்கியிருப்பார்கள். இவர்களோ இன்னும் புத்தகப் பையைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போது இத்தகைய பிள்ளைகளை நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாயா?" அன்போடுதான் கேட்கிறோம். ஆயினும் அக்கேள்வியில் மறைந்திருக்கும் தீர்ப்பு அந்தப் பிள்ளைக்குப் புரிகிறது. பட்டம் பெறும்வரை படிப்பு. அதன்பின் படிப்பு என்பது வேலை கிடைக்காத குறையை மறைக்கும் போர்வை என்பதே அத்தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு சரிதானா என்று எண்ணிப் பார்ப்பதற்கு நமக்கு அண்மையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு இதே சிதம்பரத்திற்கு ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். வயது முப்பத்திரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. உரோமையில் மறையியல் முனைவர் பட்டம் பெற்றவர். குருவாக அருள்பொழிவு பெற்று ஏழாண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பேசவும் எழுதவும் வல்லவர். அத்தகையவர் தமிழ் முதுகலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். அவரே பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்பெற்ற சேவியர் தனிநாயகம் அடிகளார்.

நெல் அளந்து கொடுத்த காலம்

பட்டம் பெற்றபின்னும் படிப்பவனுக்குச் சமுதாயம் சோறு போட வேண்டுமா என்ற கேள்வி நம் மண்ணுக்குப் புதியதன்று. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிருந்து இன்று விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கிய எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவ்வூர்க் கல்லூரியில் 270 இளைய மாணவரும் 70 மூத்த மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்று அது கூறுகிறது. இளைய மாணவருக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல். மூத்த மாணவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பயின்ற மூத்தவர்களுக்கு அளவு கூட்டப்பட்டிருந்தது. உயர்கல்வி கற்பவன் பாரம் என்று அவர்கள் கருதவில்லை. அவனுக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்றே கருதினார்கள். இன்று நாம் ஆய்வு உதவித்தொகை என்று சொல்வதன் பழைய வடிவம் அந்தப் பத்து நாழி நெல்.

ஆனால் அந்தக் கல்லூரியின் வாயில் குறுகலானது. வேதம் ஓதும் உரிமை பெற்ற குலத்தாருக்கே அந்த நெல் அளக்கப்பட்டது. அதை விளைவித்த உழவனின் மகன் அவ்வாயிலில் நுழைய இயலாது. கல்விக்குக் கொடுக்கும் கை நம் மரபில் உண்டு. அது யாருக்குக் கொடுத்தது என்ற கேள்வியும் உடன் உண்டு. பிற்கால வரலாறு முழுவதும் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே. சிதம்பரத்திலேயே 1916-இல் சுவாமி சகசானந்தர், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென நந்தனார் பெயரால் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். நந்தன் நுழையத் தவித்த ஊரில் அவன் பெயராலேயே கல்வியின் கதவு திறந்தது.

கடலூரில் படித்த துணைவேந்தர்

இராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழ், இசை, வடமொழி ஆகியவற்றுக்கான கல்லூரிகளும் அதனைச் சூழ எழுந்தன. இவற்றோடு இருபது இலட்சம் ரூபாயும் கொடுத்து அவர் வழிவகுக்க, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் பரந்து கிடந்த கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிவந்தது. அண்ணாமலையோ ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் தங்கி வாழும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அமைந்தது. அவ்வேற்றுமை சிறிதன்று. வகுப்பு முடிந்ததும் மாணவன் வீடு திரும்பிவிடும் கல்லூரியில் கற்பது ஒரு வகை. ஆசிரியரோடு மாலையில் நடந்து, நூலகத்தில் அருகருகே அமர்ந்து, விடுதியில் நள்ளிரவுவரை வாதிட்டுக் கற்பது வேறொரு வகை.

இப்பல்கலைக்கழகம் முதலிலிருந்தே கடல் கடந்தவர்களுக்கும் இடம் தந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் பொறுப்பேற்ற சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்தவர். அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். ஈழத்துக்கும் தில்லைக்கும் இடையே கல்வி ஒரு பாலமாக நெடுங்காலம் இருந்தது. அப்பாலத்தின் வழியேதான் பின்னர் ஒரு கத்தோலிக்கக் குருவும் வந்தார்.

அவர் வந்த காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் மரியதாஸ் இரத்தினசாமி. 1942 முதல் 1948 வரை அப்பொறுப்பை வகித்த கத்தோலிக்கப் பொதுநிலையினர். 1885-இல் சென்னை இராயபுரத்தில் பிறந்த அவர் சிறுவயதில் பயின்ற பள்ளிகளுள் கடலூர்ப் புனித வளனார் பள்ளியும் ஒன்று. கடலூரில் படித்த அச்சிறுவனுக்கு அந்நாளில் அருகில் ஒரு பல்கலைக்கழகம் இல்லை. ஐதராபாத் நிஜாம் கல்லூரிக்கும், பின்னர் கேம்பிரிட்ஜுக்கும் சென்றுதான் வரலாறு கற்றார்; சட்டமும் பயின்றார். திரும்பி வந்து பச்சையப்பன் கல்லூரி முதல்வர், சென்னைச் சட்ட மேலவைத் தலைவர், சட்டக் கல்லூரி முதல்வர், அரசுப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். அரசு உருவான முறை பற்றியும் ஆங்கிலேயர் ஆட்சி இயந்திரம் பற்றியும் ஆழ்ந்த நூல்கள் எழுதினார். பின்னாளில் மாநிலங்களவையிலும் அமர்ந்தார். தாம் சிறுவனாகப் படித்த கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் அவர் துணைவேந்தராக அமர்ந்தபோது, அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் அந்த அளவு தொலைவு சென்றாலே போதும், பல்கலைக்கழகம் இருந்தது.

இப்பல்கலைக்கழகம் கத்தோலிக்கத் திருச்சபையினுடையதன்று. சைவப் பெருவணிகர் ஒருவரின் கொடையால், சைவத்தின் பெருநகரில் எழுந்தது. அதன் முதல் துணைவேந்தரான சாமுவேல் எபனேசர் இரங்கநாதன் கிறிஸ்தவர். சீனிவாச சாஸ்திரியார் பின்னர் வந்தார். அவர்கள் வரிசையில் இரத்தினசாமியும் வந்தார். பிறருடைய மதம் எது என்று கேளாமல் தகுதியைக் கேட்ட ஒரு காலத்தின் அடையாளம் இது. நம் வளாகங்களுக்குள் மட்டுமே நம் பிள்ளைகள் வளர முடியும் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை மறக்கலாகாது.

தமிழ் கற்க வந்த தமிழர்

தனிநாயகம் அடிகளார் 1913 ஆகஸ்ட் 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் குருமாணவராகப் பயின்றபின் உரோமை உர்பன் பல்கலைக்கழகம் சென்றார். 1938-இல் குருவானார். வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகர ஆயரான புனித சிப்ரியான் காலத்துக் குருக்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பியவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். அப்போது அதன் ஆயராயிருந்தவர் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. அடிகளார் வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளியில் ஆசிரியப் பணியேற்றார். அங்கேதான் அவருக்கு ஒரு பெரும் உண்மை விளங்கியது. மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜின் கிறிஸ்தவர்களைப் பற்றி நூலெழுதத் தெரிந்தவருக்குத் தம் சொந்த மொழியின் சங்க இலக்கியம் தெரியவில்லை. ஆங்கிலவழிக் கல்வியில் வளர்ந்த அந்தத் தலைமுறையின் பொதுக்குறை அது. பலர் அதனைக் குறையென்றே உணரவில்லை. அடிகளார் உணர்ந்தார். உணர்ந்ததோடு நில்லாமல், அங்கிருந்த பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியங்களை ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டார். உரோமைப் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு, கிராமத்துப் பள்ளியின் அந்தணப் பண்டிதரிடம் ஏடு விரித்து உட்கார்ந்த காட்சியை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். கற்க விரும்புவோன் முதலில் கைவிட வேண்டியது தன் பழைய பட்டத்தின் கர்வத்தை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தனிப்படப் பாடம் கேட்டதோடு அவர் நிறைவடைந்திருக்கலாம். பள்ளிப் பணி இருந்தது, மதிப்பு இருந்தது. ஆனால் ஆர்வத்தால் கற்பதற்கும் முறையாக ஆராய்வதற்கும் இடையே உள்ள தொலைவை அவர் அறிந்திருந்தார். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், தொடர்ந்து எம்.லிட். ஆய்வுப் பட்டமும் பெற்றார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். தம் பள்ளி மாணவர்களின் வயதை ஒத்தவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதிய ஆண்டுகள் அவை.

வளாகம் தந்தவை

அந்த வளாகம் அவருக்குத் தந்தவை எவை? முதலாவது, ஆசிரியர்கள். 1940-களில் அங்குத் தமிழ்த் துறையை நடத்தியவர்கள் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும் அ. சிதம்பரநாதன் செட்டியாரும். உரைவேந்தர் ஔவை துரைசாமிப் பிள்ளை போன்றோரும் அக்காலத்தில் அங்கு ஆய்வில் இருந்தனர். மரபுவழித் தமிழ்ப் புலமையும் மேனாட்டு ஆய்வுமுறையும் ஒரே கூரையின் கீழ் சந்தித்த இடங்கள் அந்நாளில் மிகச் சில. இலத்தீன் இலக்கியத்தில் தேர்ந்த ஒரு மாணவருக்கு அச்சந்திப்பே தேவையாயிருந்தது.

இரண்டாவது, உடன் பயின்றோர். பின்னாளில் திராவிட மொழியியலில் புகழ்பெற்ற வ. அய். சுப்பிரமணியமும் அதே பத்தாண்டில் அண்ணாமலையில் தமிழ் பயின்றவரே. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தபோது அடிகளாரோடு தோள்கொடுத்து நின்றவர்களுள் அவர் முதன்மையானவர். பல்கலைக்கழக விடுதிகளில் பேசிக் கழிக்கும் பொழுதைப் பெற்றோர் வீண்பொழுது என்று எண்ணக்கூடும். ஆனால் ஒரு தலைமுறையின் பெரும்பணிகளுக்கான நட்புகள் பெரும்பாலும் அங்கேதான் வேர்விடுகின்றன.

மூன்றாவது, நேரம். இதுவே தலையாயது. அடிகளார் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தையும் பொழுதையும் மனித உள்ளத்தோடு இணைத்துப் பாடிய சங்கப் புலவர்களின் பார்வையைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளின் இயற்கைப் பார்வையோடு ஒப்பிட்டு நோக்கினார். இத்தகைய ஆய்வு அவசரத்தில் விளைவதில்லை. ஒவ்வொரு பாட்டையும் படித்து, குறித்து, வகைப்படுத்தி, பிறமொழிப் பாடல்களோடு சேர்த்துப் பார்த்து, எழுதியதை அழித்து மீண்டும் எழுத வேண்டும். சிதம்பரத்தைச் சூழ்ந்த நிலமும் அப்பாடல்களுக்கு உரை கூறுவது போலிருக்கிறது. வளாகத்தைச் சுற்றி மருதத்தின் வயல்கள். சில கல் தொலைவில் கிள்ளையும் பிச்சாவரமும் பரங்கிப்பேட்டையும் சேர்ந்த நெய்தல். படிக்கும் பாட்டையும் பார்க்கும் நிலத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் அரிது.

வளாக வாழ்வு எப்போதும் அமைதியான தவச்சாலையாக இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டின் கொந்தளிப்புகள் அதன் வாயிலில் வந்து மோதியிருக்கின்றன. 1965 ஜனவரி 27-இல் இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டத்தில் இராசேந்திரன் என்னும் மாணவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மொழியை நூலகத்தில் காத்தவரும் உண்டு. வீதியில் காக்க வந்து வீழ்ந்தவரும் உண்டு. இருவரும் அதே வளாகத்தின் பிள்ளைகள்.

நான்கு ஆண்டுகளின் விளைச்சல்

அடிகளாரின் ஆய்வேடு 1952-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. 1966-இல் "நிலமும் கவிதையும்" என்று பொருள்படும் புதிய தலைப்பில் மீண்டும் வந்தது. தமிழ் அறியாத உலகுக்குச் சங்க இலக்கியத்தின் திணைமரபை எடுத்துக்காட்டிய தொடக்க நூல்களுள் அது ஒன்று. 1952-இலேயே "தமிழ்க் கல்ச்சர்" என்ற ஆங்கில முத்திங்கள் ஆய்விதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் "தமிழ்த் தூது" என்னும் கட்டுரை நூல் தமிழில் வெளிவந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையில் விரிவுரையாளரானார். பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இலண்டனில் மற்றொரு முனைவர் பட்டமும் பெற்றார். நாற்பதை எட்டியபின்னும் அவர் மாணவராவதற்கு நாணவில்லை.

1954-இல் உரோமை வத்திக்கான் நூலகத்தில், அந்தோம் தெ புரோயன்சா என்ற இயேசு சபைக் குரு தொகுத்து 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டார். அதனை 1966-இல் மறுபதிப்பாக உலகுக்கு அளித்தார். உரோமையில் மாணவனாக வாழ்ந்த நாள்களில் அவர் அந்நகரத்து நூலகங்களுக்கு அருகிலேயே இருந்தவர்தாம். ஆயினும் அந்த ஏட்டின் அருமையை உணரும் கண், வடக்கன்குளத்திலும் சிதம்பரத்திலும் பெற்ற கண். நூல் அலமாரியில் காத்திருந்தது. வாசகர்தாம் உருவாக வேண்டியிருந்தது.

1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1964 ஜனவரியில் தில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு கூடியபோது, அங்கே அறிஞர் பலருடன் இணைந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். அதன் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968-இல் சென்னையிலும், மூன்றாவது 1970-இல் பாரிசிலும், நான்காவது 1974-இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தன. 1980 செப்டம்பர் 1-இல் அடிகளார் மறைந்தார். அவருடைய பணி முழுவதையும் அண்ணாமலைநகரின் நான்காண்டுகளே தந்தன என்று கூறின் அது மிகை. ஆனால் அந்த நான்காண்டுகள் இன்றி அப்பணி இல்லை என்று கூறுவது மிகையன்று.

அவருக்குக் கிடைத்தது யாருக்குக் கிடைக்கும்?

இங்கே நாம் ஓர் உண்மையை ஒளியாமல் பேச வேண்டும். அடிகளாரின் வரலாற்றைக் கூறி, "நீயும் அவ்வாறே படி" என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அமர்ந்துவிட முடியாது. அவருக்கு உணவும் உறைவிடமும் கவலையில்லை. காப்பாற்ற வேண்டிய மனைவி மக்கள் இல்லை. ஆயரின் இசைவு இருந்தது; அது இன்றி எந்த மறைமாவட்டக் குருவும் ஆண்டுக்கணக்கில் பல்கலைக்கழகத்தில் தங்க இயலாது. எண்ணாயிரத்து மூத்த மாணவருக்குப் பத்து நாழி நெல் போல, அடிகளாருக்குத் திருச்சபை நேரம் கொடுத்தது. மீனவக் குப்பத்திலிருந்தும் கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்தும் வரும் ஒரு பொதுநிலை மாணவிக்கு அதை யார் கொடுப்பார்?

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. நமக்கு அருகிலேயே இருக்கின்றன. வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. அதுவும் மொழியியல் துறையும் 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையத் தகுதி பெற்றவை. கடலையே நம்பி வாழும் குடும்பத்தின் பிள்ளை அந்தக் கடலின் உயிர்களை ஆராயும் அறிஞராக வளர்வதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 2013-இல் பல்கலைக்கழகம் அரசின் நேரடிப் பொறுப்பில் வந்தது. 2021-இல் செய்யப்பட்ட மாற்றத்தால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளும் அதன் இணைப்பில் வந்தன. தேசியத் தகுதித் தேர்வில் உயர்மதிப்பெண் பெற்று இளநிலை ஆய்வாளர் தகுதி அடைவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகையாக அறிவிக்கப்பட்டுள்ளன. ஆய்வு மாணவனைச் சம்பாதிக்காதவன் என்று சொல்ல இனி இடமில்லை.

ஆனால் அத்தகுதியை அடைபவர் சிலரே. ஏனையோருக்கான படிகள் ஒவ்வொன்றாக அகன்று வருகின்றன. முனைவர் ஆய்வுக்கு முன்பயிற்சியாக இருந்த எம்.ஃபில். பட்டம் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளால் நிறுத்தப்பட்டது. சிறுபான்மையோருக்கென 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022–23 முதல் புதியவர்களுக்கு வழங்கப்படவில்லை. நம் மறைமாவட்டங்களில் பெருந்தொகையினராக உள்ள தலித் கிறிஸ்தவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. ஆகவே ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்து வளர்ந்த இருவருள் ஒருவருக்குக் கிடைக்கும் பட்டியல் சாதியினருக்கான ஆய்வு உதவித்தொகை, ஞானத்தீக்கை பெற்றவருக்குக் கிடைப்பதில்லை. அவர் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நின்று போட்டியிட வேண்டும். எண்ணாயிரத்தின் குறுகிய வாயில் வேறு வடிவில் இன்றும் நிற்கிறது. நீதிக்கான போராட்டம் தொடர வேண்டும், தொடர்கிறது. ஆனால் அது முடியும்வரை அந்தப் பிள்ளையின் இளமை காத்திராது.

நாம் செய்யக்கூடியது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. திறமை மிகுந்தும் வசதி குறைந்தும் இருக்கும் மாணவர்களுக்கு உயர்கல்வியின் கதவு எளிதில் திறக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. கத்தோலிக்கமல்லாத பல்கலைக்கழகங்களின் அருகிலும் நம் மாணவர்களுக்கான விடுதிகளும் அருள்வாழ்வுத் துணையும் அமைய வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பள்ளிகளைக் கட்டுவதில் நாம் காட்டிய ஊக்கத்தை இந்தப் பணியில் காட்டினோமா என்று ஒவ்வொரு பங்கும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. ஒரு பங்கிலிருந்து முதுநிலைப் படிப்புக்கும் ஆய்வுக்கும் செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அப்பங்கு அறிந்திருந்தாலே அது ஒரு தொடக்கம். திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதி, ஒரு மாணவியின் ஓராண்டு விடுதிக் கட்டணமாக மாறலாம். தகுதித் தேர்வை முன்னர் எழுதி வென்றவர், பின்வரும் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலையில் ஆலயக் கூடத்தில் பாடம் சொல்லலாம். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் நம் பங்குகளில் பலர் இருக்கிறார்கள்; விண்ணப்பம் எழுதத் தெரியாமல் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவ்விருவரையும் அறிமுகம் செய்துவைப்பதற்குப் பணமே தேவையில்லை.

மாணவர்களுக்கும் ஒரு சொல். கிடைத்த நேரத்தை அடிகளார் எவ்வாறு செலவிட்டார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு வரும்வரை பொழுதுபோக்க அவர் வரவில்லை. தமக்குத் தெரியாதது எது என்று முதலில் தெளிந்தார்; அதைக் கற்பிப்போரைத் தேடி அவர்முன் அமர்ந்தார். பட்டத்தின் எழுத்துகளைக் காட்டிலும் அந்தத் தாழ்மையே அவரை அறிஞராக்கியது.

பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசு எருசலேம் கோயிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் கூறியதைக் கேட்டும் அவர்களிடம் வினவியும் இருந்ததை லூக்கா நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. மூன்று நாள் தேடித் தவித்து வந்த பெற்றோருக்கு அவர் அங்கே இருந்ததன் பொருள் அப்போது விளங்கவில்லை. விளங்காவிடினும் அன்னை மரியா அதனைத் தம் உள்ளத்தில் வைத்துப் போற்றினார். நம் இல்லங்களிலும் நூலகத்தில் நெடுநேரம் தங்கிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது பெற்றோர் பலருக்குப் புரிவதில்லை. புரியாவிடினும் உள்ளத்தில் வைத்துப் போற்றலாம்.

அடுத்த ஞாயிறு ஆலய முற்றத்தில் அந்தப் பிள்ளையைச் சந்திக்கும்போது, "இன்னும் படிக்கிறாயா?" என்று கேட்பதற்கு மாறாக, "என்ன ஆராய்கிறாய்? எனக்கும் சொல்" என்று கேட்போம். பத்து நாழி நெல்லை நம்மால் அளக்க இயலாமற் போகலாம். அந்த ஒரு கேள்வியையேனும் அளிப்போம்.